85,000 ரூபாய் கட்டும் முன் ஒரு லாகைத் திறந்து பாருங்கள்

வணக்கம் மக்களே! சைபர் செக்யூரிட்டி வேலை, நைட் ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் வந்தேன். அதே மொட்டை மாடி, அதே டபரா காபி. தூங்கப் போயிருக்க வேண்டும், ஆனால் இதைச் சொல்லாமல் தூக்கம் வராது.

கீழ் வீட்டுப் பெண், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். முந்தாநாள் ஒரு பயிற்சி மையத்தின் நோட்டீஸோடு வந்தாள். ஆறு மாதத்தில் எத்திகல் ஹேக்கர் (அனுமதியோடு சிஸ்டத்தை உடைத்துப் பார்த்து ஓட்டை சொல்பவர்), வேலை உறுதி, கட்டணம் 85,000 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் 10,000 தள்ளுபடியாம். அவளுடைய அப்பா நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். பாடத்திட்டத்தைப் புரட்டினேன். நெட்வொர்க்கிங்குக்கு ஒரே ஒரு நாள்! டி.சி.பி., டி.என்.எஸ்., ஃபயர்வால் எல்லாம் அந்த ஒரு நாளில். மீதி முழுக்க டூல்களின் பெயர்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"நான் ஹேக்கர் ஆகணும் அக்கா" என்கிறாள். சரி, ஆகலாம். ஆனால் அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும், இந்தத் துறையில் வேறு என்னென்ன வேலை இருக்கிறது என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அவள் கேட்கும் ஹேக்கர் வேலை, அதாவது பென்டெஸ்டிங். அது உடைப்பது மட்டுமில்லை, எழுதுவதும்தான். அதற்கான பிரபல சான்றிதழான ஓ.எஸ்.சி.பி.யின் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 23 மணி 45 நிமிடம் மெஷின்களோடு மல்லுக்கட்டிய பிறகு, அடுத்த 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். எழுதப் பிடிக்காதவர்களுக்கு இது ஒத்துவராது. ஆனால் வெப் பக்கம் ஆசை இருந்தால் போர்ட்ஸ்விகரின் வெப் செக்யூரிட்டி அகாடமி இருக்கிறது, முழுக்க இலவசம். அதைத் தொடாமல் எங்கேயும் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது ஜி.ஆர்.சி., ஒரு நிறுவனம் பாதுகாப்பு விதிகளைச் சரியாகப் பின்பற்றுகிறதா என்று பார்க்கும் வேலை. அதை நம் ஆட்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தகவல் பாதுகாப்புக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 27001. அதன் 2022 பதிப்பில் 93 கன்ட்ரோல்கள், அதாவது பாதுகாப்பு ஏற்பாடுகள், இருக்கின்றன. நிறுவனத்துக்குப் பொருந்தும் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்டு வாங்கிச் சரிபார்க்க வேண்டும். பி.காம். படித்த என் தோழி இதில் பிரமாதமாக இருக்கிறாள், கோடிங் ஒரு வரி தெரியாது.

அப்புறம் நம்ம எஸ்.ஓ.சி., தாக்குதல் ஏதும் நடக்கிறதா என்று ராத்திரி பகலாகக் கண்காணிக்கும் மையம். எனக்கு உயிர். ஷிஃப்ட் மாறி மாறி வரும், தூக்கம் கெடும், உண்மைதான். ஆனால் ஒரு அலர்ட்டின் நூலைப் பிடித்துக்கொண்டு போகும் சுகம் வேறு எதிலும் இல்லை. 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, பட்டியலில் உள்ள சம்பவம் எது நடந்தாலும் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். லாக்களை, அதாவது சிஸ்டத்தில் நடப்பதெல்லாம் வரிவரியாகப் பதிவாகும் குறிப்புகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும். அந்த லாக்களை யாராவது ராத்திரி உட்கார்ந்து படித்தாக வேண்டுமே!

இதை வீட்டிலேயே பழக லேப்டாப்பில் ஒரு லேப் போட்டிருக்கிறேன். அதற்கு ரேம் வாங்கிய கதை இது. போன வீடியோவில் என் லேப்டாப் திணறியது ஞாபகம் இருக்கிறதா? லாக்களைச் சேர்த்துக் காட்டும் வாஸூ சாஃப்ட்வேரை முழுதாக ஒரே மெஷினில் போட 8 ஜி.பி. கேட்கிறது, என்னிடம் இருந்ததே மொத்தம் 8. ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். முதல் கடையில் பழைய டி.டி.ஆர்.4 ரேம், 8 ஜி.பி., 2,600 ரூபாய் என்றார். அடுத்த கடையில் 2,400. மூன்றாவது கடையில், படிக்கட்டுக்கு அடியில் ஒரு அண்ணன், 2,200 என்று ஆரம்பித்து 1,850-க்கு இறங்கினார். அங்கேயே மாட்டிச் சோதித்துப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன். ஒரு மாத வாரண்டியும் கைப்பட எழுதி வாங்கினேன். 1,850! இன்னும் சந்தோஷம் அடங்கவில்லை.

அந்த லேபைத்தான் நேற்று அவளுக்குக் காட்டினேன். லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் ஒரு விண்டோஸ் 11 வி.எம்.முக்கு (மெய்நிகர் கம்ப்யூட்டர்) ரிமோட் டெஸ்க்டாப்பில் வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டாகப் போட்டேன், ஒன்பது முறை. பத்தாவதும் தப்பானால் விண்டோஸ் கணக்கையே பூட்டிவிடும், அதனால் அடுத்ததைச் சரியாகப் போட்டேன். பிறகு வாஸூ டாஷ்போர்டை அவள் பக்கம் திருப்பிவிட்டுப் பேசாமல் இருந்தேன். 4625, 4625 என்று வரிசையாக ஒன்பது. லாகின் தோற்றால் வரும் எண் அது. கடைசியில் ஒரு 4624, லாகின் ஜெயித்தால் வரும் எண். கூடவே லாகான் டைப் 10, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்ததற்கு அடையாளம்.

இன்னொன்று, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இதெல்லாம் உங்கள் சொந்த மெஷினில் மட்டும். அடுத்தவர் சிஸ்டத்தில் நேர்மையற்ற நோக்கத்தோடு அனுமதி இல்லாமல் கை வைத்தால் ஐ.டி. சட்டம் பிரிவு 66 பாயும். 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். "காலேஜ் வைஃபையில் சும்மா ட்ரை பண்ணினேன்" என்று எனக்கு எழுதும் தம்பிகளே, தயவுசெய்து வேண்டாம்.

சரி, அவளிடம் வருவோம். முதல் அஞ்சு நிமிஷம் ஸ்க்ரோல் செய்துகொண்டே இருந்தாள். பிறகு அந்த 4624-இல் விரலை வைத்து, "அக்கா, ஒன்பது தடவ தப்பா போட்டவங்களும் உள்ள வந்தவங்களும் ஒரே ஐ.பி.தானா?" என்றாள். நான் எதுவும் சொல்லித் தரவில்லை மக்களே. அவளாகவே மேலே போய் ஒவ்வொரு வரியாக ஐ.பி.யை, அதாவது எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்று காட்டும் முகவரியை, ஒப்பிட ஆரம்பித்தாள். அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவே இல்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு வீக் ஆஃப். காலையிலேயே அவள் அப்பாவிடம் பேசப் போகிறேன், லேப்டாப்போடு.