பிள்ளைக்கு மயக்கம் கொடுக்கும் முன் வாய் திறந்து பேசுங்கள்

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் பெற்றோர் கூட்டமொன்றில் மயக்க மருந்து மருத்துவர் ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம். தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொண்டு பிள்ளையை ஆபரேஷனுக்குக் கூட்டி வரும் தாய்மார்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், பிள்ளை நல்லபடியா எழுந்துடுமா?"

ஊசியைக் கண்டாலே அழும் பிள்ளைகளுக்கு முகமூடி வழியாக செவோஃப்ளூரேன் என்ற ஆவியைக் கொடுக்கிறோம். ஈதர் குடும்பத்து மருந்து. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் மயக்க மருந்தாக ஊரறியக் கொடுத்துக் காட்டிய பழைய ஈதர் மூக்கைத் துளைக்கும், தீப்பற்றும். மூச்சுக்காற்றில் ஒரு பங்கு என்றால் இரத்தத்தில் 12 பங்கு கரைந்து நிற்கும்; அதனால் மயங்கவும் நேரமாகும், தெளியவும் நேரமாகும். செவோஃப்ளூரேனுக்கு அந்தக் கணக்கு வெறும் 0.65. நெடியும் குறைவு. இயந்திரத்தில் மஞ்சள் அடையாளமிட்ட ஆவியாக்கியின் குமிழை 8 சதவீதம் வரை திருப்பினால் சற்று நேரத்தில் பிள்ளை கண் சொக்கிவிடும். குமிழை மூடினால் மருந்தின் பெரும்பகுதி மூச்சு வழியாகவே வெளியேறிவிடும். எழும்போது சில பிள்ளைகள் அம்மாவையே அடையாளம் தெரியாமல் கத்தி உதைக்கும். பயப்படாதீர்கள், பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும்.

மருந்து நல்ல மருந்துதான். ஆனால் நீங்கள் மறைப்பதை அது அறியாது. பசிக்குமே என்று விடியற்காலையில் மைலோ கொடுத்துவிட்டு, "ஒன்னும் குடுக்கல" என்கிறார்கள். பால் கலந்த மைலோவுக்கு 6 மணி நேர இடைவெளி வேண்டும்; மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். கொடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இன்னொன்று, நம் குடும்பங்களில் பேசாமல் மூடி வைப்பது. "சித்தப்பா ஆபரேஷன் மேசையிலேயே போயிட்டாரு, அவருக்கு விதி" என்பார்கள். அது விதியாக இல்லாமலும் இருக்கலாம். சிலருக்குப் பிறவியிலேயே தசையில் ஒரு குறை உண்டு. இந்த ஆவி பட்டதும் தசை விறைக்கும், மூச்சில் கரியமில வாயு ஏறும், உடல் கொதிக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து இந்தக் குறை இல்லையென்று சொல்லவும் முடியாது. இதை முறிக்க டான்ட்ரோலீன் என்ற மருந்து உண்டு. ஆனால் உடனே கொடுத்தாக வேண்டும்.

முன்கூட்டியே தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கும் ஆபரேஷன் செய்யலாம். இயந்திரத்திலிருந்து பழைய ஆவியை வெளியேற்றிவிட்டு, புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தித் தூங்க வைப்போம். அதனால் இன்று வீட்டுக்குப் போனதும் பாட்டியிடம் கேளுங்கள்: சித்தப்பாவுக்கு அன்று காய்ச்சல் அடித்ததா, உடம்பு விறைத்ததா என்று. வரும் பதிலை அப்படியே எங்களிடம் சொல்லுங்கள்.