குழந்தைய டாக்ஸ்ல யாரு காட்டறது? ஃபார்ம் 8332 பத்தி

வணக்கம் மக்களே. அமெரிக்காவுல விவாகரத்து ஆனவங்க, குழந்தைய வரிக் கணக்குல யாரு காட்டறதுன்னு பாக்கலாம்.

கோர்ட் ஆர்டர்ல "ஒரு வருஷம் அப்பா, ஒரு வருஷம் அம்மா"ன்னு இருந்தா போதும்னு பல பேர் நம்பிடறாங்க. போதாதுங்க. 2008-க்கு அப்புறம் வந்த தீர்ப்புன்னா, அந்தப் பக்கத்தை ரிட்டர்ன்ல இணைச்சாலும் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) ஏத்துக்காது. அவங்க பாக்கறது ராத்திரிக் கணக்கு. அந்த வருஷம் குழந்தை யார்கிட்ட அதிக ராத்திரி இருந்துச்சோ, அவங்கதான் கஸ்டோடியல் பேரன்ட். ஃப்ரெண்ட் வீட்ல தூங்குச்சா? அன்னைக்கு யார் முறையோ, அவங்க கணக்குல சேரும். டிசம்பர் 31 ராத்திரி பழைய வருஷத்துக்குத்தான். சரிசமமா வந்தா ஏஜிஐ (சில கழிவுகள் போக நிக்கற வருமானம்) யாருக்கு அதிகமோ அவங்க. அதனால காலண்டர்ல குறிச்சு வைங்க. சண்டைன்னு வந்தா அதுதான் பேசும்.

இப்போ விட்டுக்கொடுக்கறதுன்னா, கஸ்டோடியல் பேரன்ட் ஃபார்ம் 8332-ல கையெழுத்துப் போட்டுத் தரணும். இன்னொரு பேரன்ட் அதை ஒவ்வொரு வருஷமும் ரிட்டர்னோட இணைக்கணும். இதுல கை மாறறது சைல்ட் டாக்ஸ் கிரெடிட், அதாவது குழந்தைக்காக வரியில குறையற தொகை. 2025 கணக்குக்கு, வருஷக் கடைசியில 17 வயசு ஆகாத குழந்தைக்கு 2,200 டாலர் வரைக்கும். ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் (தனியா குடும்பத்தை நடத்தறவங்களுக்கான ஃபைலிங் வகை), இஐடிசி (குறைஞ்ச வருமானத்துல உழைக்கறவங்களுக்கான கிரெடிட்), டேகேர் செலவுக்கான கிரெடிட், இது மூணும் கை மாறவே மாறாது. தகுதி இருந்தா, கையெழுத்துப் போட்டவங்களே எடுத்துக்கலாம். இது தெரியாம தகுதி இருந்தும் சிங்கிள்னு ஃபைல் பண்ணிடறாங்க. 2025-ல, வரி போடாம கழிச்சு விடற தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்லயே சிங்கிளுக்கான 15,750 டாலருக்கும் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டுக்கான 23,625 டாலருக்கும் உள்ள வித்தியாசம் போயிடுது, மனசு கஷ்டமா இருக்கு.

ஃபார்ம்ல பார்ட் 1 அந்த ஒரு வருஷத்துக்கு. பார்ட் 2 வரப்போற வருஷங்களுக்கு. அங்க "எல்லா வருஷமும்"னு எழுதிடாதீங்க, ப்ளீஸ். பார்ட் 3-ல ரத்து பண்ணலாம், ஆனா எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் குடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்துல இருந்துதான் செல்லும். 2026-ல குடுத்தா 2027-ல இருந்து. வருஷா வருஷம் பார்ட் 1 மட்டும் போடுங்க, அதுதான் பாதுகாப்பு.

ரெண்டு பேருமே காட்டிட்டா, பின்னாடி ஐ.ஆர்.எஸ்.கிட்ட இருந்து சிபி87ஏ-ன்னு ஒரு லெட்டர் வரும். தப்பு உங்களோடதுன்னா 1040-எக்ஸ் (ரிட்டர்னைத் திருத்தற ஃபார்ம்) போட்டுத் திருத்துங்க. உங்க பக்கம் சரின்னா ரிட்டர்னை மாத்த வேண்டாம், பதிலும் எழுத வேண்டாம். ஆனா ஆடிட் வரலாம், அதுக்கு அந்தக் காலண்டரோட ஸ்கூல் ரெக்கார்டு, டாக்டர் ரெக்கார்டு, உங்க அட்ரஸ் இருக்கறதா எடுத்து வைங்க.