வெப்பம் யார் கணக்கில்?

(பினாங்கில், தமிழில் அறிவியல் பேசும் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

1972-இல் இன்டெல் இந்தத் தீவில் கால் வைத்தது. இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவராவது இல்லாத வீடு இங்கே குறைவு. ஆகவே சில்லு சூடாகும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தச் சூட்டுக்கு 1822-இல் ஃபூரியே அச்சிட்ட வெப்பக் கடத்தல் விதி இன்னமும் பெரும்பாலும் போதும். நான் பேச வந்தது அதைவிடச் சின்ன விஷயம்: ஒரே ஒரு கியூபிட், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு. ஒருபக்கம் சூடான உலோகத் துண்டு, மறுபக்கம் குளிர்ந்த துண்டு. நடுவில் இருப்பதற்கு இரண்டே ஆற்றல் நிலைகள். அதன் வழியே நொடிக்கு எவ்வளவு வெப்பம் போகும்?

வழக்கமான கணக்கு இரண்டு அனுமானங்களை நம்பி நிற்கிறது. சூழலோடு, அதாவது அந்த இரு உலோகத் துண்டுகளோடு, கியூபிட்டின் பிணைப்பு மெல்லியது. சூழலுக்கு ஞாபகம் கிடையாது: கியூபிட் தன்னிடம் செய்ததை அது உடனே மறந்துவிடும். ரெட்ஃபீல்டு 1957-இல் தந்த சமன்பாடு இந்த வழியில் வந்ததுதான். 1976-இல் லின்ட்பிளாடு ஒருபுறமும், கோரினி, கொசகோவ்ஸ்கி, சுதர்சன் மூவரும் மறுபுறமும் இதற்குச் சீரான கணித வடிவம் கொடுத்தார்கள். அந்தச் சுதர்சன் கோட்டயத்தில் பிறந்து சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். நம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய பெயர்.

இந்தக் கணக்கின்படி, பிணைப்பு இருமடங்கானால் வெப்ப ஓட்டமும் இருமடங்காகும். அப்படியே ஏறிக்கொண்டே போகும். உண்மையில் அது ஓர் உச்சம் வரை ஏறி, பிறகு இறங்குகிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் லாரியிலிருந்து தேங்காயைக் கைமாற்றி இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் நிற்கும் தம்பியின் இரு கைகளையும் இரண்டு பக்கத்தாரும் இறுகப் பிடித்துக்கொண்டால் தேங்காய் நகருமா? கியூபிட்டுக்கும் அதே கதி. சூழலின் அதிர்வுகளை அது மேலே போர்த்திக்கொள்கிறது. ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குத் தாவுவது தளர்ந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல், எனக்குப் பிடித்த சிக்கல். பிணைப்பிலேயே கணிசமான ஆற்றல் தங்கும்போது அது யார் கணக்கில்? கியூபிட்டின் கணக்கிலா, சூழலின் கணக்கிலா? மெல்லிய பிணைப்பில் அதைத் தள்ளுபடி செய்துவிடலாம். இங்கே முடியாது. எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து, நிலைபெறும் முன்பான வெப்பத்தின் அளவே மாறுகிறது. கோட்டை அலட்சியமாகப் போட்டால் என்ன ஆகும் என்று 2014-இல் லெவியும் கோஸ்லாஃபும் காட்டினார்கள்: ஒன்றோடொன்று இணைந்த இரு பகுதிகளை, அந்த இணைப்பைக் கண்டுகொள்ளாமல் தனித்தனியே வெப்பத்தேக்கங்களில் (நம் உலோகத் துண்டுகள் போன்றவற்றில்) மாட்டினால், காகிதத்தில் வெப்பம் குளிரிலிருந்து சூட்டுக்குப் பாய்கிறது. வெப்பம் தானாக அப்படிப் போகாது என்னும் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி போயே போச்சு!

தீர்வுகள் உண்டு. தானிமுராவும் குபோவும் 1989-இல் வகுத்த படிநிலைச் சமன்பாடுகள் சூழலின் ஞாபகத்தையும் சேர்த்துச் சுமக்கின்றன. ஆனால் வெப்பநிலை குறையக் குறையக் கணினி திணறும். மற்றொரு வழி, சூழலில் கியூபிட்டை அதிகம் ஆட்டிவைக்கும் ஒரு கூட்டு அதிர்வைப் பிரித்தெடுத்து, அதையும் அமைப்புக்குள் சேர்த்துக்கொள்வது. மிச்சச் சூழலோடு பிணைப்பு மெல்லியதாக இருந்தால் பழைய சமன்பாடே மறுபடி கைகொடுக்கும். எல்லாச் சூழலுக்கும் இது பொருந்தாது. ஆனாலும் என் ஓட்டு இதற்கே, ஏனென்றால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

ஆய்வகத்திலும் இது வந்தாயிற்று. 2018-இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பெக்கோலாவின் குழு, மீக்கடத்தியால் (மின்தடையே இல்லாத பொருளால்) ஆன கியூபிட் ஒன்றை இரு ஒத்ததிர்விகளுக்கு (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரும் மின்சுற்றுகளுக்கு) நடுவே வைத்து, காந்தப் பாயத்தால் (ஊடே செல்லும் காந்தப்புலத்தின் அளவால்) வெப்ப ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் அளந்தது. கியூபிட்டும் ஒத்ததிர்வியும் கொண்ட பிணைப்பு பெரிதா, ஒத்ததிர்வியும் வெப்பத்தேக்கமும் கொண்ட பிணைப்பு பெரிதா என்பதைப் பொறுத்தே, கியூபிட்டைத் தனியாகக் கணக்கிடலாமா, ஒத்ததிர்விகளோடு சேர்த்து ஒரே உருப்படியாகக் கணக்கிட வேண்டுமா என்பது அங்கே முடிவானது.