மனசும் இதயமும் ஒரே சொல்லில்

நேயர்களுக்கு வணக்கம். 'மனசே சரியில்லை' என்று சொல்லும்போது உங்கள் கை எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நெஞ்சுக்குத்தான் போகும், தலைக்குப் போகாது. சீன மருத்துவம் இதயத்தைப் பற்றிச் சொல்வதும் அந்தக் கை போகிற இடத்தில்தான் தொடங்குகிறது.

சீன மொழியில் 'சின்' என்று ஒரு சொல். மார்புக்குள் துடிக்கிற இதயமும் சின், நினைக்கிற, ஏங்குகிற மனமும் சின். ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்ற மருத்துவ நூலில் உடம்பு ஓர் அரசாங்கம். நுரையீரல் அமைச்சர், கல்லீரல் படைத்தலைவர், இதயம் அரசர். அரசர் தெளிவாக இருந்தால் கீழே உள்ளவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

ரத்தக்குழாய்கள் இதயத்தின் பொறுப்பு என்றும் அந்த நூல் சொல்கிறது. ஆனால் பெரிய பொறுப்பு வேறு: 'ஷென்' குடியிருக்கும் வீடு இதயம். ஷென் என்றால் விழிப்பு, உணர்வு, ஒருவர் கண்ணில் தெரிகிற தெளிவு. இரவில் அது இதயத்தின் ரத்தத்தில் வந்து அடங்க வேண்டும். ரத்தம் குறைந்தால் தங்க இடமில்லாமல் அலையும். அப்புறம் தூக்கமில்லை, படபடப்பு, மறதி. அதனால்தான் தூக்கம் வரவில்லை என்று போனால், சீன வைத்தியர் இதயத்தையும் விசாரிப்பார். மணிக்கட்டில் நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். நாக்கு இதயத்தின் முளை என்பது அவர்கள் கணக்கு.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சீன எழுத்து படிக்கத் தொடங்கிய நாள்முதல் இதை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடிந்ததில்லை. கல்லீரல், நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம், இந்த நான்கின் எழுத்துகளிலும் 'சதை' என்ற குறி ஒட்டியிருக்கும். இதயத்தின் எழுத்தில் மட்டும் சதை கிடையாது! கோபம், நினைப்பு, மறதி என்று எழுத வேண்டுமானால் இதய எழுத்தைச் சேர்க்க வேண்டும். பொறுத்துக்கொள்வதற்கான எழுத்தில் இதயத்தின் மேலே கத்திமுனை. 'ஓய்வில்லாத வேலை' என்பதற்கான எழுத்தில் இரண்டு பகுதி: இதயம், இழப்பு. 'மறத்தல்' என்பதிலும் அதே இரண்டு பகுதிதான், அதே இதயம், அதே இழப்பு. முன்னதில் பக்கத்தில் பக்கத்தில், பின்னதில் மேலும் கீழும், அவ்வளவுதான் வித்தியாசம். 'இழப்பு' அங்கே ஒலிக்காகச் சேர்ந்தது என்று மொழியறிஞர்கள் சொல்வார்கள். சரி, இருக்கட்டும். வேலை நெருக்கடியில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தவர்களுக்கு அந்த இரண்டு எழுத்தும் சொந்தக்காரர்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். நினைவு இருப்பது மூளையில், இதயத்தில் அல்ல என்று 1830-ல் வாங் சிங்ரென் என்ற சீன மருத்துவரே எழுதினார். அதை விரிவாகப் பேச வேண்டும், இன்று முடியாது. நெஞ்சு வலித்தால் நாடி, நாக்கு என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், இதை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கடைசியாக இதய உறை, அதாவது இதயத்தைச் சுற்றியிருக்கும் பை. அரசருக்கு வரும் அடியைத் தான் வாங்கிக்கொள்கிற காவலர் அவர். பஸ்ஸில் குமட்டும்போது உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலே அழுத்தச் சொல்வார்களே, அந்தப் புள்ளி, உடம்பில் சக்தி ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் பாதைகளில், அவருடைய பாதையில்தான் இருக்கிறது. வணக்கம்.