தெரு அடைபட்டால் கடைக்காரருக்கு யார் பொறுப்பு?

நேயர்களுக்கு வணக்கம். சிறு வணிகர்களின் கணக்குகளைச் சரிபார்த்துத் தருவதே என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து, அவசரப் பராமரிப்புப் பணிகளால் வியாபாரம் முடங்கும் கடைகளுக்கு அரசு தரும் மானியத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

நிலத்தடிக் குடிநீர்க் குழாய் இரவில் வெடிக்கிறது. அல்லது பாலத்தில் விரிசல் கண்டு அன்றே போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். காலையில் கடை திறக்க வருபவர், வாசலுக்கு எதிரே தடுப்புகளையும் ஆழமான பள்ளத்தையும் காண்கிறார். திட்டமிட்ட சாலைப் பணியென்றால் முன்கூட்டியே அறிவிப்பு வரும். கொள்முதலைக் குறைத்துக்கொள்ளலாம், வாடிக்கையாளர்களிடம் சொல்லிவைக்கலாம். அவசரப் பணியில் அந்த அவகாசம் இல்லை. காப்பீடும் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. ஏனெனில் வியாபாரத் தடைக்கான காப்பீடுகள் பொதுவாகக் காப்பீடு செய்த இடமே தீயிலோ வெள்ளத்திலோ சேதமடைந்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. கடையில் ஒரு கண்ணாடிகூட உடையாமல், வாங்க வருபவர் மட்டும் வராமல் போனால் அந்த நிபந்தனை நிறைவேறாது. ஊருக்கே பயன்படும் குழாயைச் சீராக்கும் சுமை, அந்த ஒரு தெருவில் கடை வைத்திருப்பவர்களின் தலையில் மட்டும் விழுவது நியாயமன்று என்பதே என் உறுதியான கருத்து.

கனடாவின் கால்கரி நகரில் 2024 ஜூன் 5 அன்று, நகரின் குடிநீரில் பெரும்பங்கைக் கொண்டுசெல்லும், சுமார் 2 மீட்டர் விட்டமுள்ள பிரதானக் குழாய் உடைந்தது. 1975-இல் பதித்த குழாய் அது. உடைந்த பகுதியைச் சீராக்கியபோது வேறு பல இடங்களும் பலவீனமாக இருப்பது தெரியவர, ஆகஸ்ட் இறுதியில் மறுபடியும் தோண்ட நேர்ந்தது. பணி நடந்த பகுதியில் பாதிக்கப்பட்ட கடைகளுக்கு நகராட்சி 5,000 டாலர் மானியம் அறிவித்தது. எல்லோருக்கும் ஒரே தொகை என்பதால் விரைவாகக் கொடுத்துவிடலாம். ஆனால் ஒருவரே நடத்தும் கடைக்கும் பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கும் அதே தொகைதான்.

அமெரிக்காவின் பால்டிமோரில் 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதிப் பாலம் இடிந்தபோது, சிறு வணிகங்களுக்கு மத்திய அரசு 20 லட்சம் டாலர் வரையிலான கடனைக் குறைந்த வட்டியில் வழங்க முன்வந்தது. கடன் கடன்தான். வராத விற்பனையை அது திருப்பித் தருவதில்லை. அந்தச் சுமையை நாளைய விற்பனையின் மேல் ஏற்றிவைக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேறொரு வழி இருக்கிறது. அங்கே 1991-ஆம் ஆண்டின் தண்ணீர்த் தொழில் சட்டத்தின்படி, குழாய்ப் பணிக்காகத் தெருவைத் தோண்டும் தண்ணீர் நிறுவனத்திடம் ஏற்பட்ட நட்டத்துக்கு இழப்பீடு கோரலாம். இழப்பீடு என்பது உரிமையாகக் கேட்பது. மானியம் என்பது கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைப்பது. இந்த வேறுபாட்டை விண்ணப்பிப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மானியத் தொகையை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. ஒரு கடையின் மாத விற்பனையை 100 என்று வைத்துக்கொள்வோம். சரக்கின் விலை 60 போக மொத்த லாபம் 40. அதில் வாடகை, சம்பளம், மின்சாரம் ஆகியவற்றுக்கு 30 போனால், உரிமையாளர் கையில் நிற்பது 10. தெரு அடைபட்டு விற்பனை பாதியாகிறது. இப்போது மொத்த லாபம் 20, நிலையான செலவோ அதே 30. ஆக, 10 கைவிட்டுப் போகிறது. பாதி விற்பனை குறைந்ததால் நிகர லாபமும் பாதியாகக் குறைந்திருக்கும் என்று எண்ணி 5 கொடுத்தால், உண்மை இழப்பில் கால்வாசிதான் ஈடாகும். வழக்கமாகக் கையில் நிற்கும் 10-உம் வராமல், மேலும் 10 கைவிட்டுப் போவதால் உண்மையான இழப்பு 20. மொத்த லாபத்தின் சரிவை அடிப்படையாகக் கொண்டால்தான் கணக்கு சரியாக வரும். திட்டம் வகுப்பவர்களை இதைத்தான் மன்றாடிக் கேட்கிறேன். முதல் சில வாரங்களுக்குள் சிறு தொகையொன்றை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, கணக்கு பார்த்த பின் மீதியைக் கொடுக்கலாம். ஆறு மாதம் கழித்து வரும் காசோலை, அதற்குள் மூடிய கடைக்குப் பயன்படாது.

வணிகர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. தடுப்பு வைத்த முதல் நாளே தேதி தெரியும்படி வாசலைப் படம் எடுத்துவையுங்கள். அன்றாட விற்பனையை நோட்டில் எழுதுங்கள். சென்ற ஆண்டு இதே மாதத்தின் விற்பனையைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வேறு வழியாகச் சரக்கு இறக்க நேர்ந்த வண்டிச் செலவுக்கும் ரசீது வேண்டும். வியாபாரத்துக்கென வரும் மானியம் பல நாடுகளில் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படுவதால், முழுவதையும் செலவழித்துவிட வேண்டாம்.

ஒன்றைக் கடைசியாகச் சொல்ல வேண்டும். தடுப்பை எடுத்த மறுநாளே கூட்டம் திரும்பிவிடாது. வேறு கடைக்குப் போகப் பழகியவர்கள் மெல்லத்தான் வருவார்கள். பள்ளத்தை மூடிய தேதியோடு மானியக் காலத்தையும் முடித்துவிடாமல், அதற்குப் பிந்தைய சில வாரங்களின் விற்பனையையும் கணக்கில் சேர்க்கும்படி விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.