உறையோடு ஒரு நெடும் போராட்டம்

நேயர்களுக்கு வணக்கம். மார்பகத்துக்குள் ஒரு சிலிகான் பையை வைத்ததும் உடம்பு செய்யும் முதல் வேலை, அதைச் சுற்றி நார்த்திசுவால் ஓர் உறை கட்டுவது. அந்நியப் பொருள் எது நுழைந்தாலும் இப்படித்தான். 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் குரோனின், ஜெரோ என்ற மருத்துவர்கள் முதல் சிலிகான் ஜெல் பையைப் பொருத்தினார்கள். அன்றிலிருந்து இந்தத் துறையின் பாதிப் பாடு அந்த உறையோடுதான்.

உறை மெல்லிசாக இருந்தால் தொல்லையில்லை. சுருங்கி இறுகினால் மார்பகம் கல்போல ஆகும், உருக்குலையும், வலிக்கும். இறுக்கத்தைக் கணக்கிடும் பேக்கர் அளவீட்டில் நான்கு படிகள் உண்டு. மூன்றைத் தொட்டாலே மறு அறுவைப் பேச்சு எழும். இதைத் தடுக்கத்தான் பையின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். அப்படிச் சந்தைக்கு வந்த பயோசெல் வகையில், பையின் சிலிகான் ஓட்டில் உப்புப் பரல்களைப் பதித்துப் பிறகு கழுவிவிடுவார்கள். உப்பு இருந்த இடமெல்லாம் குழி. திசு அதில் வேர்விட்டுப் பையைப் பிடித்துக்கொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் சொரசொரப்பான பை வைத்தவர்களில் சிலருக்கு, அந்த உறையிலேயே அரிய நிணநீர்ப் புற்று ஒன்று தோன்றியது. 2011இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது, 2019 ஜூலையில் பயோசெல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது.

இது மார்பகப் புற்றுநோய் அல்ல. பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் திடீரென வீங்கினால், உறைக்குள் நீர் கோத்திருக்கலாம். ஊசியால் எடுக்கும் அந்த நீரைக் கொட்டிவிடாமல் சி.டி.30 சோதனைக்கு, அதாவது இந்தப் புற்றணுக்களின் மேல் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடும் சோதனைக்கு, அனுப்ப வேண்டும். நோய் உறையைத் தாண்டுமுன் கண்டுவிட்டால், பையையும் உறையையும் முழுதாக எடுப்பதிலேயே பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

அடுத்து என்ன? ஒரு பாதை, மேற்பரப்பை மிக நுண்ணியதாக்குவது. 2024 செப்டம்பரில் எஃப்.டி.ஏ. அனுமதித்த மோட்டிவா என்ற பை அந்த ரகம். இன்னொன்று, பையே வேண்டாம் என்பது: வயிற்றிலோ தொடையிலோ உறிஞ்சிய கொழுப்பைச் சுத்தம்செய்து, மெல்லிய இழை இழையாகச் செலுத்துவார்கள். மொத்தையாகச் செலுத்தினால் நடுப்பகுதிக்கு இரத்தம் எட்டாது. கொழுப்பு செத்து எண்ணெய்க் கட்டியாகும், சுண்ணாம்பு படிந்து, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் புற்றோ என்று குழப்பும். சரியாகச் செய்தாலும் ஒரு பங்கை உடம்பு கரைத்துவிடும் என்பதால், பெரிய அளவு கேட்பவருக்கு ஒரே தடவையில் முடியாது.

எனக்கு நம்பிக்கை தருவது மூன்றாவது பாதை. உடம்பில் கரையும் பாலிகாப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக்கை முப்பரிமாண அச்சில் கூடாக வார்த்து, அதற்குள் கொழுப்பை வளரவிடுவது. ஆஸ்திரேலியாவில் மனிதச் சோதனைகள் தொடங்கிவிட்டன. கூடு கரையும் வேகம்தான் இதில் சிக்கல்: திசு உறுதிப்படுமுன் கரைந்தால் வடிவம் சரிந்துவிடும்.

அதுவரை, ஏற்கெனவே பை வைத்திருப்பவர்களுக்கு: இது ஆயுளுக்கும் உழைக்கும் பொருள் அல்ல. இன்றைய கெட்டி ஜெல் கிழிந்தாலும் வெளியே தெரியாது. ஐந்தாறு ஆண்டில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை. பையின் வரிசை எண் அச்சிட்ட அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். 2010இல் பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் தொழிற்சாலைச் சிலிகானை நிரப்பி விற்றது அம்பலமானபோது, முதலில் தெரிய வேண்டியிருந்தது உள்ளே இருப்பது எந்த நிறுவனத்தின் பை என்பதுதான்.