பிரிக்க முடியாத ஆசாமி

(கோபிசெட்டிபாளையத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியது. எழுத்தாக்கும்போது சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கமுங்க. மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு பெரியவர் கேட்டார்: "வாய்க்கால் தண்ணி பிரச்சினை ஆயிரம் இருக்கையில இங்கிலீஷ் வார்த்தையைப் பத்தி என்னங்க பேசப்போறீங்க?" நியாயமான கேள்விதான். ஆனால் 'இண்டிவிஜுவல்' என்கிற இந்தச் சொல் நம் வீட்டுப் பீரோவுக்குள் வந்து வெகுகாலமாகிவிட்டது. பட்டாவிலும் வாக்காளர் பட்டியலிலும் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. வருமான வரிக் கணக்கு எழுதுகிற திருப்பூர், ஈரோடு வியாபாரிகளுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். வருமான வரிச் சட்டத்தில் வரி கட்டுகிற 'நபர்' யார் என்று ஒரு பட்டியல் உண்டு. முதலில் இண்டிவிஜுவல். இரண்டாவது, இந்து அன்டிவைடட் ஃபேமிலி, அதாவது பிரிபடாத இந்துக் கூட்டுக் குடும்பம். ஒன்று தனி ஆள், இன்னொன்று கூட்டம். ஆனால் இரண்டும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. இண்டிவிஜுவல் என்றாலும் 'பிரிக்க முடியாதது' என்றுதான் பொருள்.

கிரேக்கர்கள் வெட்ட முடியாத துகளை 'அடோமோஸ்' என்றார்கள். ரோமாபுரி அறிஞர் சிசரோ அதை லத்தீனில் சொல்ல வேண்டி வந்தபோது 'இண்டிவிடுவம்' என்றார். ஆக, அணுவும் இண்டிவிஜுவலும் ஒரு காலத்தில் ஒன்றே. பிறகு கிறிஸ்தவ இறையியலுக்குள் போனது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் பிரிக்க முடியாதவர்கள் என்பதால் அந்தத் திரித்துவத்தையே இண்டிவிஜுவல் என்றார்கள். கணவன் மனைவிக்கும் அதுவே வழங்கியது. 1667இல் வந்த ஆங்கிலக் கவிஞர் மில்டனின் காவியத்தில் ஆதாம் ஏவாளைப் பார்த்து, இனி என் பக்கத்தை விட்டு அகலாத துணை நீ என்கிறான். அந்த 'அகலாத' என்ற இடத்தில் மில்டன் போட்டிருக்கும் சொல் இண்டிவிஜுவல். இன்றைக்கு ஒருத்தி கணவனிடம் "நான் ஒரு இண்டிவிஜுவல்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதே சொல், நேர் எதிர்ப் பொருள்.

எப்படித் திரும்பியது? தர்க்கம் படித்தவர்கள் வழியாக என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் உயிர்களை வகைப்படுத்திக்கொண்டே இறங்குவார்கள்: விலங்கு, அதில் மனிதன், அதில் சாக்ரடீஸ். அதற்குக் கீழே பிரிக்க வழியில்லை. சாக்ரடீஸை இரண்டாக வகுத்தால் இரண்டு சாக்ரடீஸ் கிடைக்காது. ஆகவே கடைசிப் படியில் நிற்கிறவன் இண்டிவிஜுவல். இங்கேயும் அவன் ஒரு வகையைச் சேர்ந்தவன்தான். இன்ன இனத்தின் ஓர் ஆள் என்றுதான் சொன்னார்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அந்த 'இன்ன இனத்தின்' என்பது மெல்லக் கழன்று விழுந்தது. 1776இல் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் எழுதும்போது இண்டிவிஜுவல் தன் காலில் தானே நிற்கிறான்.

அடுத்த நூற்றாண்டில் 'இண்டிவிஜுவலிசம்' பிரெஞ்சில் பிறந்தது, அதுவும் ஒரு வசவாக. பிரெஞ்சு அறிஞர் டோக்வில் 1840இல் அதற்குச் சொன்ன விளக்கத்தைக் கேளுங்கள்: ஒருவன் தன் குடும்பத்தையும் நண்பர்களையும் மட்டும் கூட்டிக்கொண்டு ஒதுங்கி, பெரிய சமுதாயத்தை அதன்பாட்டுக்கு விட்டுவிடுவது. அந்தக் கணக்கில் பார்த்தால் தோட்டத்துச் சாளையில் சொந்தபந்தம் சூழ வாழ்ந்துகொண்டு, ஊர்ப்பொதுவுக்குத் தலைகாட்டாத நம்மாள்தான் சரியான இண்டிவிஜுவலிஸ்ட்! (சிரிப்பு.) 1859இல் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் ஒரு முழு அத்தியாயம் எழுதி, தனித்தன்மை நல்வாழ்வுக்கு அவசியம் என்று வாதாடிய பிறகுதான் அந்தச் சொற்குடும்பத்துக்குக் கௌரவம் கூடியது. ஆனாலும் அதே காலத்தில் பேச்சு வழக்கில் 'அந்த இண்டிவிஜுவல்' என்றால் இளக்காரம். நாம் 'யாரோ ஒரு ஆசாமி' என்கிறோமே, அந்தத் தொனி.

ஆசாமி என்றதும் கொஞ்சம் நிற்க வேண்டும், எனக்குப் பிடித்த சொல் அது. அரபியில் 'இஸ்ம்' என்றால் பெயர். அதன் பன்மையிலிருந்து வந்தது ஆசாமி. வருவாய்க் கணக்கில் பெயர் எழுதப்பட்ட குடியானவன் என்ற பொருளில் வழங்கி, தமிழுக்கு வந்து 'ஆள்' என்றாகிவிட்டது. அதாவது கணக்குப்பிள்ளையின் ஏட்டில் பெயர் ஏறியபோதுதான் ஒருவன் ஆசாமி ஆகிறான். ஐரோப்பாவில் தனிமனிதன் தத்துவத்தில் பிறந்தான் என்பார்கள். நம் பக்கத்தில் அவன் வரி ஏட்டில் பிறந்தவன். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

இதற்குச் சாட்சி வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்தது. நம் கொங்கு நாட்டின் வடக்கு ஓரம், கிருஷ்ணகிரி தருமபுரிப் பக்கம். அங்கே கர்னல் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் ஊருக்கு மொத்தமாகவோ குத்தகைதாரரிடமோ வரி பேசாமல், ஒவ்வொரு விவசாயியோடும் நேரடியாகப் பேசும் முறையைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். ரயத்துவாரி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1799இல் கோயமுத்தூர்ச் சீமையும் கும்பினி கைக்குப் போனது. 1820இல் மன்றோ கவர்னர் ஆனபோது அதுவே சென்னை மாகாணத்தின் பொது முறை. விவசாயியை மதித்துச் செய்த காரியம் என்று மன்றோவைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. வசூலுக்கு வசதி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

சரி, ஏட்டில் ஏறியவன் முழுத் தனியாளா? நம் பூமிக் காகிதங்களைப் பாருங்கள். அப்பாரு பேரில் பட்டா இருக்கும், பக்கத்தில் 'வகையறா' என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பங்காளிகள்! பாகம் பிரித்தால் நிலம் துண்டாகும், ஆனால் கிணறு துண்டாகாது. கால் பங்கு, அரைக்கால் பங்கு என்று எழுதி, மோட்டார் ஓட்ட முறை வைத்துக்கொள்வோம். மாமூல் வண்டித்தடம் பொதுவில் விடப்படும். தடப் பிரச்சினைக்காகக் கோர்ட்டுக்கு அலையாத ஊர் கொங்கில் இருக்கிறதா? சிசரோ சொன்ன பிரிக்க முடியாத பொருள் இதுதான், என்னைக் கேட்டால்.

அரசியல் பக்கம் சுருக்கமாக. 1940இல் காந்தி ஆள் பார்த்துத் தேர்ந்தெடுத்து நடத்தியது தனிநபர் சத்தியாக்கிரகம், முதல் ஆள் வினோபா. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசினார். கிராமத்தை அடிப்படை அலகாக வைக்கவில்லையே என்று குறைப்பட்டவர்களுக்கு, கிராமத்தைக் கைவிட்டு இண்டிவிஜுவலை எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சி என்று பதில் சொன்னார். ஊர்க்கட்டுப்பாட்டுக்கு அஞ்சி வாழ்ந்த சாதிகளுக்கு அந்த வரியின் அருமை தெரியும். ஊர்க் கிணற்றில் பங்கு கிடக்கட்டும், வாளியே இறக்க முடியாதவர்கள் அவர்கள். இப்போது நான் கிணற்றுப் பங்கைப் பெருமையாகச் சொன்னேன் அல்லவா, அதற்கும் இது பொருந்தும்.

முதல் பொதுத்தேர்தலில் வடநாட்டுப் பக்கம் நிறையப் பெண்கள் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் பட்டியலில் பதிவானார்கள். சொந்தப் பெயர் கொடுக்காத சுமார் 28 லட்சம் பேர் நீக்கப்பட்டார்கள். பெயர் இல்லாவிட்டால் ஆசாமி இல்லை.

பெண்களுக்கு இந்தச் சொல் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. பெரியாரின் 'குடி அரசு' இதழ் 1925இல் ஈரோட்டில் தொடங்கியது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை கொடுத்த சட்டம் 1989இல். சரியாக 60 ஆண்டு. அதிலும் அதற்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களுக்கு இல்லை. 2005இல் மத்தியச் சட்டம் அந்த வேலியை எடுத்தது. அப்பா அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்த்தது, இருந்திருக்க வேண்டியதில்லை என்று.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் பத்திர ஆபீசில் என்ன நடக்கிறது? அண்ணன் தம்பிகள் காரில் கூட்டி வருவார்கள். "அம்மிணி, இங்க ஒரு கையெழுத்துப் போடு." பவுன் போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, அப்புறம் என்ன பங்கு என்பது பேச்சு. கையெழுத்தானால் அவளுடைய பங்கு போய்விடும். அந்தக் காகிதத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம்!

பேசி முடித்தபின் ஒரு அம்மா கேட்டார்: "பங்கு கேட்டா பொறந்த வீடு அந்துபோயிருமுங்களே?" நான் சொன்னேன்: பங்கு வைத்துக்கொள்வதற்குப் பாகம் பிரிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பிரிபடாத பங்காகவே உங்கள் பேரில் இருக்கலாம், அண்ணனே உழட்டும், கிணறு பொதுவிலேயே இருக்கட்டும். பிரிக்கச் சொல்லிக் கேட்பதும் கேட்காததும் உங்கள் இஷ்டம். அவர் விடவில்லை. "அப்போ பட்டாவுல எம் பேரு வருமா, வகையறாவுல போயிருமா?" கூட்டுப் பட்டாவில் பெயரைச் சேர்க்கச் சொல்லித் தாலுகா ஆபீசில் மனு கொடுங்கள், வாரிசுச் சான்றிதழை மறக்காமல் எடுத்துப் போங்கள் என்றேன். அவர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.